முதலில் தாளை மடியுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

செங்கோட்டை–புனலூர் ரயில் பாதையை வைத்து 22 பக்கத்தில் ஒரு சித்திரக்கதை வரைந்து வருகிறேன். ஏ4 தாளில் ஆறு பக்கம் மை போட்டு முடித்தாயிற்று. தென்காசியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் பாதியாகச் சுருக்கி எடுத்தால் மெல்லிய கோடுகளைக் காணோம், கறுப்பு இடமெல்லாம் திட்டுத் திட்டாக இருக்கிறது. வசனம் இன்னும் எழுதவில்லை. ஆரியங்காவு, தென்மலை நண்பர்களுக்காக மலையாளத்திலும் போட ஆசை. 100 பிரதி போதும். சிவகாசியில் கொடுக்கலாமா?

எஸ்., செங்கோட்டை

அன்புள்ள எஸ்.,

ஏழாவது பக்கத்தைத் தொடுவதற்கு முன் ஐந்து ஏ4 தாள்களை அடுக்கி நடுவில் மடித்து, 1 முதல் 20 வரை எண் போடுங்கள். நடுமடிப்பில் பின் அடிக்கும் (சென்டர் பின்) புத்தகத்தில் பக்கங்கள் நான்கின் மடங்காகத்தான் வரும். 22 வராது. உள்ளே 20 பக்கம், அட்டை தனி என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளித்தாளைப் பிரித்தால் 20-உம் 1-உம் ஒரே முகத்தில் இருக்கும், அதன் பின்னால் 2-உம் 19-உம். எந்த முகத்தை எடுத்தாலும் கூட்டுத்தொகை 21. அச்சில் பக்கம் மாறினால் இதை வைத்தே பிடித்துவிடலாம்.

இப்படி மடித்து வைத்த மாதிரிப் புத்தகம் கதையையும் சரிசெய்யும். தாளைப் புரட்டியதும் புதிதாகக் கண்ணில் படுவது இரட்டைப்படைப் பக்கம். திடுக்கிட வைக்கும் காட்சியை அங்கே வையுங்கள். எதிர்ப்பக்கத்தில் வைத்தால் இடதுபக்கம் படிக்கும்போதே ஓரக்கண்ணில் தெரிந்துவிடும். தென்மலை அருகே உள்ள பதின்மூன்று கண் பாலத்தை இரு பக்கத்துக்கும் சேர்த்து வரைவதென்றால் 10, 11 மட்டுமே இடம். அந்த ஜோடிதான் ஒரே தாளில் வருவது. மற்ற ஜோடிகளில் இரண்டு தாள்கள் சந்திப்பதால், ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் தண்டவாளம் உடைந்து தெரியும்.

கோடு மறைந்ததற்குக் காரணம் சுருக்கம். ஏ4 படம், மடித்த தாளின் அளவான ஏ5 ஆகும்போது நீள அகலத்தில் 71 சதவீதம்தான் போட வேண்டும். கடையில் ‘பாதி’ என்றால் 50 போட்டுவிடுவார்கள். 71-இலேயே 0.1 பேனாவின் கோடு 0.07 மில்லிமீட்டராகிவிடும், ஜெராக்ஸின் மைத்தூளான டோனர் அதைப் பிடிக்காது. 0.3-க்குக் கீழே போகாதீர்கள், வெளிக்கோட்டுக்கு 0.5, 0.8. மூலத்தை ஜெராக்ஸ் கண்ணாடியில் வைக்காமல் 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து, சாம்பல் கலக்காத கறுப்பு வெள்ளையாக மாற்றி, பிடிஎஃப்பாகக் கொடுங்கள். பென்சில் வேலையை வெளிர்நீலத்தில் செய்தால் இந்த மாற்றத்தில் அது தானே போய்விடும், ரப்பர் போட்டு மையைத் தீற்ற வேண்டியதில்லை. பெரிய கறுப்புப் பரப்பில் டோனர் சீராக உட்காராது. சுரங்கப்பாதைக் காட்சியை நெருக்கமான கோடுகளால் நிரப்பி, பாறை விளிம்பில் வெள்ளை விடுங்கள். இருட்டும் கிடைக்கும், திட்டும் தெரியாது.

வசனம் எழுதவில்லை என்கிறீர்களே, எனக்குக் கவலை அதில்தான். ‘வந்துகொண்டிருக்கிறது’ என்ற ஒரே சொல் ஒரு வசனக் குமிழியின் அகலத்தைத் தின்றுவிடும். படம் முடிந்தபின் மிச்ச இடத்தில் திணித்தால் எழுத்து பொடியாகும், அல்லது முகத்தை மறைக்கும். பென்சிலில் வரையும்போதே வசனத்தை எழுதி, சுற்றிக் குமிழி போட்டு, மீதி இடத்தில் ஆளை நிறுத்துங்கள். ஒரு குமிழிக்குப் பத்துப் பன்னிரண்டு சொல் போதும், அச்சில் 9 பாயிண்ட். கவிவனார், பாலூ தம்பி போன்ற இலவச யூனிகோட் எழுத்துருக்களை விற்பனைப் புத்தகத்திலும் பயன்படுத்தலாம். பழைய போட்டோஷாப் பதிப்பில் கொம்பும் காலும் இடம் மாறி நின்றால் டைப் அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான தேர்வை இயக்குங்கள்.

மலையாளப் பதிப்புக்காக எழுத்தைக் கணினியில் படத்தோடு சேர்க்காமல் தனி அடுக்கில் (லேயர்) வையுங்கள். ‘தடக் தடக்’ போன்ற ஓசைகளைப் படத்தோடு வரைந்துவிட்டால் படக் கட்டத்தையே திருத்த நேரும். தனித்தாளில் வரைந்து ஒட்டுங்கள். தமிழ்ப் பதிப்பில் ஆரியங்காவுக்காரர் பேசும் மலையாளத்தைத் தமிழ் எழுத்திலேயே விடுங்கள், அடிக்குறிப்பு வேண்டாம். உங்கள் ஊர்க்காரர்களுக்குப் புரியும், அந்தக் கலப்புதான் உங்கள் கதையின் உயிர்.

100 பிரதிக்குச் சிவகாசி வேண்டாம், டிஜிட்டல் பிரிண்ட் போதும். அங்குள்ள ஆஃப்செட் அச்சில் தகட்டுக்கான (பிளேட்) செலவு 100-க்கும் 1000-க்கும் ஒன்றுதான். 500-ஐத் தாண்டும்போது போங்கள். அங்கே 23-க்கு 36 அங்குலத் தாள் என்றால், 23-ஐ நான்காக்கினால் 5¾ அங்குலம். ஏ5 அகலம் அதில் அடங்காது, 5½-க்கு 8½ அளவில்தான் வெட்டுவார்கள். ஆகவே ஏ4 தாளில் 17-க்கு 25.5 சென்டிமீட்டர் பெட்டிக்குள் வரையுங்கள். சுருங்கினால் 12-க்கு 18, இரண்டு அளவிலும் இடிக்காது. அட்டைக்கு மடிக்கும் முன் மடிப்புத் தடம் பதிக்கும் கிரீசிங் போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் முதுகில் டோனர் வெடிக்கும்.

வாட்ஸாப்பில் பகிர்ந்தால் படமாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள், படமாகப் போனால் கோடு மங்கிவிடும். போனில் ஏ5 பக்கம் ஏறக்குறையப் பாதி அகலத்தில் தெரிவதால் 9 பாயிண்ட் படிக்க முடியாது. ஒவ்வொரு பக்கத்தையும் மேல்பாதி, கீழ்பாதி என நடுவில் ஒரே நேர்கோட்டில் வெட்டும்படி கட்டம் பிரித்தால், அந்தப் பாதிகளைத் தனித்தனியாகப் போடலாம், போனைப் படுக்கவாட்டில் பிடித்துப் படிக்கலாம்.

முடித்த ஆறு பக்கங்களைக் கிழிக்க வேண்டாம். மெல்லிய கோடுகள்மேல் 0.3 பேனாவை ஓட்டி, 71 சதவீதத்தில் ஒரு பக்கம் மட்டும் எடுத்துப் பாருங்கள்.