அந்தப் பத்து நாட்களை டாக்டரிடம் சொன்னீர்களா?

கேள்வி: வயது 39. எட்டு வருடமாக டிப்ரஷன். மூன்று மாத்திரைகள் மாற்றிப் பார்த்தாகிவிட்டது, எதுவும் நிலைக்கவில்லை. மேஜிக் காளானில் இருக்கும் சைலோசைபினை வைத்துச் செய்யும் சிகிச்சை பற்றி இரண்டு மாதமாகப் படிக்கிறேன். டிப்ரஷன் மாத்திரை உடம்பில் இருந்தால் அது வேலை செய்யாது என்று போட்டிருந்ததால், வென்லாஃபாக்சினை மூன்று வாரத்துக்கு முன் நிறுத்திவிட்டேன். மூளையில் ஓட்டை விழுமா? அடிமையாகிவிடுவேனா? மிகச் சிறு அளவில் அடிக்கடி எடுக்கும் மைக்ரோடோஸிங் ஆபத்தில்லாததா? என் தாய்மாமா ஒருமுறை ராப்பகலாகப் பேசிக்கொண்டே இருந்து ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டவர். எனக்குப் பயித்தியம் பிடித்துவிடுமா? மூன்று வருடத்துக்கு முன், இதே மாத்திரையை ஆரம்பித்த புதிதில், பத்து நாள் அற்புதமாக இருந்தேன். 2 மணி நேரத் தூக்கமே போதுமாக இருந்தது. திரும்பவும் அப்படி ஆக வேண்டும். இதுவும் கைகொடுக்காவிட்டால் எனக்கு வேறு வழியே இல்லையா?

பதில்: காளானைப் பிறகு பார்ப்போம். அந்தப் பத்து நாட்களை எந்த மனநல மருத்துவரிடமாவது சொல்லியிருக்கிறீர்களா? போகிற போக்கில் எழுதிவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறீர்கள். நான் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன்.

தூக்கம் வராமல் தவிப்பது வேறு. தூக்கமே தேவைப்படாமல், களைப்பும் இல்லாமல் இருப்பது வேறு. 2 மணி நேரம் படுத்து எழுந்து மறுநாள் துள்ளிக்கொண்டு வேலை பார்த்தேன் என்று ஒருவர் சொன்னால் நாங்கள் அடுத்தடுத்துக் கேட்பவை: பேச்சு வேகமாக இருந்ததா? மனசுக்குள் யோசனைகள் முண்டியடித்தனவா? கையிருப்பை மீறிச் செலவு செய்தீர்களா? யாரிடமாவது காரணமில்லாமல் எரிந்து விழுந்தீர்களா? இவற்றில் சிலவற்றுக்காவது ‘ஆமாம்’ என்று பதில் வந்து, அது நான்கு நாளுக்கு மேல் நீடித்திருந்தால், நீங்கள் நல்ல ஆரோக்கியம் என்று ஏங்கிக்கொண்டிருப்பதே நோயின் இன்னொரு முகமாக இருக்கலாம். அதற்குப் பெயர் பைபோலார், அதாவது சோர்வும் அளவுமீறிய எழுச்சியும் மாறிமாறி வரும் இருமுனைக் கோளாறு. டிப்ரஷன் மாத்திரை ஆரம்பித்த புதிதில் அப்படி ஆனதும், தாய்மாமாவின் கதையும் என் சந்தேகத்தைக் கூட்டுகின்றன.

கடிதத்தை மட்டும் வைத்து நோய்க்குப் பெயர் சூட்ட மாட்டேன். ஆனால் இது உண்மையாக இருந்தால் உங்கள் எட்டு வருடத்துக்கு வேறு அர்த்தம் வந்துவிடுகிறது. பைபோலார் உள்ளவர்கள் எழுச்சியில் கழிக்கும் நாட்களைவிடச் சோர்வில் கழிக்கும் நாட்கள்தான் மிக அதிகம். சோர்வு வந்தால்தானே டாக்டரிடம் போகிறோம், நன்றாக இருக்கும்போது யார் போகிறார்கள்? அதனால் இது வெறும் டிப்ரஷனாகவே வருடக்கணக்கில் பார்க்கப்படுவது சகஜம். டிப்ரஷன் மாத்திரையை மட்டும் கொடுத்தால் பலருக்குப் பிடிபடாது, சிலரை அது எதிர்ப்பக்கம் தூக்கி எறியும். லித்தியம், குவெட்டியாபின், லாமோட்ரிஜின் என்று இதற்கான மருந்துகள் வேறு வரிசை. அந்த வரிசையில் ஒன்றைக்கூட நீங்கள் பார்த்ததாகக் கடிதத்தில் இல்லை. ‘எதற்கும் அசையாத நோய்’ என்று பயப்படுகிறீர்களே, அந்த முத்திரையைக் குத்த இன்னும் நேரம் வரவில்லை.

முத்திரை என்றதும் ஒன்று. சரியான அளவில், குறைந்தது ஆறு முதல் எட்டு வாரம், இரண்டு மருந்துகள் எடுத்தும் பலன் இல்லை என்றால்தான் சிகிச்சைக்கு மசியாத டிப்ரஷன் என்று எழுதுவோம். இரண்டு வாரம் விழுங்கிவிட்டு வயிற்றைப் புரட்டுகிறது என்று தூக்கிப்போட்டது கணக்கில் சேராது. மூன்று மருந்துகளையும் எத்தனை மில்லிகிராம், எத்தனை வாரம் எடுத்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. தைராய்டு பார்த்தார்களா என்றும் தெரியவில்லை.

இனி உங்கள் காளான். ஆராய்ச்சியே இல்லாத விஷயம் என்று ஒதுக்கமாட்டேன். 2022 நவம்பரில் வெளியான பெரிய ஆய்வில், மருந்துக்கு மசியாத டிப்ரஷன் உள்ள 233 பேருக்கு, உளவியல் ஆதரவோடு, சைலோசைபின் ஒரே ஒருமுறை கொடுக்கப்பட்டது. மூன்றாவது வாரத்தில், 25 மில்லிகிராம் பெற்றவர்களில் 37 சதவீதத்தினருக்கு நோயின் கடுமை பாதிக்கு மேல் குறைந்தது. பெயரளவுக்கு 1 மில்லிகிராம் பெற்றவர்களில் அது 18 சதவீதம். பன்னிரண்டாவது வாரம் வரை அந்தப் பலன் நீடித்தது 25 மில்லிகிராம் குழுவில் சுமார் 20 சதவீதத்தினருக்குத்தான். நம்பிக்கை தருகிற எண்கள்தாம், அற்புதம் இல்லை. தனக்குக் கிடைத்தது பெரிய டோஸா பொய் டோஸா என்று ஆளுக்கே அரை மணியில் தெரிந்துவிடுகிற மருந்து என்பதையும் மறக்க வேண்டாம். எதிர்பார்ப்பே பாதி வேலையைச் செய்துவிடும்.

இரண்டு மாதம் படித்தும் உங்கள் கண்ணில் படாத செய்தி இதுதான்: இந்த ஆய்வுகளில் சேருமுன் ஆட்களைச் சலித்தெடுப்பார்கள். பைபோலார், மனச்சிதைவு உள்ளவர்கள் வெளியே. நெருங்கிய ரத்த உறவில் அவை இருந்தாலும் பெரும்பாலும் வெளியே. மூளையில் செரட்டோனின் ஏற்பிகளை இந்த மருந்து தட்டி எழுப்புகிற வேகத்தில், அந்த வித்து உள்ளவருக்கு மேனியாவோ (கட்டுக்கடங்காத எழுச்சி) மனப்பிறழ்வோ கிளம்பலாம் என்பதுதான் காரணம். ஆக, நீங்கள் படித்த நல்ல முடிவெல்லாம் உங்களைப் போன்றவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டுப் பெற்ற முடிவுகள். பயித்தியம் பிடிக்குமா என்று கேட்டீர்கள். பொதுவாக அதை யாராவது கேட்டால் இணையப் பீதி என்று சொல்லி அனுப்பிவிடுவேன். உங்களிடம் அப்படிச் சொல்ல மாட்டேன்.

மற்றவை சட்டென்று முடிகிற விஷயம். மூளையில் ஓட்டை விழாது. யார் கிளப்பிவிட்ட கதையோ. மது, புகையிலை போல உடம்பை அடிமையாக்கும் தன்மை சைலோசைபினுக்குக் கிடையாது. மைக்ரோடோஸிங் பற்றி: 191 பேர் தங்களுக்கே தெரியாதபடி நிஜ டோஸும் மருந்தில்லாத வெறும் கூடுமாக எடுத்துக்கொண்ட 2021 ஆய்வில், வெறும் கூடு விழுங்கியவர்களும் ஏறக்குறைய அதே அளவு தேறினார்கள். எக்ஸ்டஸி என்று சொல்லப்படும் போதைப்பொருளான எம்டிஎம்ஏ பற்றியும் படித்திருப்பீர்கள். அது பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய்க்கு முயன்று பார்க்கப்பட்டது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 ஆகஸ்டில் அதற்கு அனுமதி மறுத்துவிட்டது. உங்கள் நோய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சைலோசைபினை ஆய்வுக்கு வெளியே டாக்டரே எழுதித்தர 2023 ஜூலையில் ஆஸ்திரேலியா வழிவிட்டது, அதுவும் தனி அங்கீகாரம் பெற்ற மனநல மருத்துவர்களுக்கு மட்டும். பெரும்பாலான நாடுகளில் ஆய்வுக்கு வெளியே இது சட்டவிரோதப் பொருள். யாரோ தபாலில் அனுப்பும் பொட்டலத்தில் என்ன காளான் இருக்கிறது என்பது அனுப்புகிறவருக்கே தெரியாது.

மாத்திரையை நிறுத்தியதற்கு வருகிறேன். எனக்குக் கோபம் வருகிற இடம் இது. டிப்ரஷன் மாத்திரை சைலோசைபினின் வேகத்தை மட்டுப்படுத்தலாம் என்பது சரிதான். ஆய்வுகளில் அதைப் படிப்படியாகக் குறைத்து, வாரம் தவறாமல் ஆளைக் கண்காணித்துத்தான் நிறுத்துவார்கள். உடம்பைவிட்டுச் சீக்கிரம் வெளியேறுகிற வென்லாஃபாக்சினை ஒரே நாளில் நிறுத்தினால் தலைசுற்றல், தலைக்குள் மின்சாரம் பாய்கிற மாதிரி வெட்டு, எரிச்சல், தூக்கக்கேடு எல்லாம் வரலாம். அதை நோய் முற்றிவிட்டது என்று நினைத்து இன்னும் அவசரப்படுவீர்கள். பழைய அளவில் நீங்களாகவே மறுபடி ஆரம்பிக்கவும் வேண்டாம். பைபோலார் சந்தேகம் இருக்கும்போது அதுவும் வினையாகலாம். இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். அவர் லித்தியம் எழுதித் தந்தால் அதோடு காளான் பேச்சே கூடாது. இரண்டும் சேர்ந்தபோது வலிப்பு வந்ததாகப் பலர் பதிவு செய்திருக்கிறார்கள்.

வேறு வழியே இல்லையா என்றீர்கள். ஈசிடி என்கிற மின் அதிர்வு சிகிச்சை இருக்கிறது. பெயரைக் கேட்டு முகம் சுளிக்காதீர்கள், மயக்க மருந்து கொடுத்துத்தான் செய்கிறோம். கடும் மனச்சோர்வுக்கு எங்கள் கையில் இருப்பவற்றில் மிக வலுவானது அதுதான். காந்தத் துடிப்பால் மூளையைத் தூண்டும் ஆர்டிஎம்எஸ் இருக்கிறது. மருந்துக்கு மசியாத டிப்ரஷனுக்கென்று 2019-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற எஸ்கெட்டமின் மூக்கு ஸ்பிரே இருக்கிறது, மருத்துவமனையில் வைத்து அடித்து 2 மணி நேரம் கண்காணித்து அனுப்புவது. எது உங்களுக்குப் பொருந்தும் என்பது அந்தப் பத்து நாளின் கணக்கு தீர்ந்த பிறகு.

அதற்கிடையில் தூக்கம் திடீரென்று சுருங்கி உற்சாகம் பொங்கினால், சந்தோஷப்பட்டுக்கொண்டு வீட்டில் உட்காராமல் மறுநாளே டாக்டரைப் பாருங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் மறுநாள்கூட வேண்டாம். அந்த நேரமே ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

டாக்டரிடம் போகும்போது, அந்தப் பத்து நாளும் உங்களோடு ஒரே வீட்டில் இருந்தவர் யாரோ அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவரைத் தனியாகப் பேசவிட்டு, நீங்கள் வெளியே உட்காருங்கள். தாய்மாமா என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று தெரிந்தால் அதையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.