சாய்ந்து உட்கார்ந்து, காலை முன்னால் நீட்டி மிதிக்கும் ரிகம்பெண்ட் சைக்கிளை வீட்டிலேயே செய்யப் போகிறேன். எந்த இரும்புக் குழாய் வாங்குவது? குரோமோலிதான் வேண்டுமா?

வேண்டியதில்லை. குரோமோலி என்பது குரோமியமும் மாலிப்டினமும் கலந்த எஃகு. முதல் வண்டி என்றால் சாதாரண மைல்ட் ஸ்டீல் குழாயே போதும். இருக்கையைத் தாங்கும் நடுத்தண்டுக்கு 50 மி.மீ. வெளி விட்டம், 1.5 மி.மீ. கனம். அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு கடைக்குக் கிளம்பலாம்.

"குரோமோலி கிடைக்காவிட்டால் கையே வைக்காதே" என்று உங்களிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள் என்று கேள்வியிலேயே தெரிகிறது. என்னிடமும் சொன்னார்கள். இந்தப் பேச்சைக் கேட்டே எத்தனையோ பேர் ஆசையை மூட்டை கட்டி வைத்துவிட்டார்கள். அந்த ஆற்றாமையில்தான் எழுதுகிறேன்.

நான் மைல்ட் ஸ்டீலில் செய்துகொண்டிருந்த அதே சமயத்தில் நண்பர் ஒருவரும் ஒரு வண்டி செய்தார். தேடி அலைந்து குரோமோலி வாங்கினார். 32 மி.மீ. விட்டம், 0.9 மி.மீ. கனம். மெல்லிய குழாய்க்கு ஏற்ற டிக் வெல்டிங்கில் கைதேர்ந்தவர் ஒருவர் பற்றவைத்தார். பார்க்கவே அழகாக இருக்கும். ஆனால் ஏற்றத்தில் அழுத்தி மிதித்தால் செயின் கரகரவென்று உரசும். கியரைத் திருகித் திருகிப் பார்த்தும் தீரவில்லை. கடைசியில் பின் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு பெடலை முழு பலத்தோடு மிதிக்கச் சொல்லிவிட்டு, நான் வண்டிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தேன். பெடல் அச்சைத் தாங்கும் முன்தண்டு அப்படியே செயின் பக்கமாக ஒரு விரல் அகலத்துக்கு வளைந்தது. காலை எடுத்ததும் பழையபடி நேரானது. வெல்டிங்கில் ஒரு கீறல்கூட இல்லை. குழாயின் விட்டம்தான் போதவில்லை.

பலரும் குழப்பிக்கொள்வது இங்கேதான். வலிமை வேறு, விறைப்பு வேறு. 4130 என்ற ரகக் குரோமோலி நிரந்தரமாக வளைய ஏறக்குறைய 435 மெகாபாஸ்கல் தகைவு, அதாவது பரப்பளவுக்கு இத்தனை என்ற விசை, வேண்டும். மைல்ட் ஸ்டீலுக்கு 250 போதும். அந்த வகையில் குரோமோலி உசத்திதான், மறுக்கவில்லை. ஆனால் மீள் குணகம், அதாவது உலோகத்தின் இயல்பான விறைப்பு, இரண்டுக்குமே ஏறக்குறைய 200 கிகாபாஸ்கல். ஒரே அளவுள்ள இரண்டு குழாய்களில் ஒரே பாரத்தைத் தொங்கவிட்டால் இரண்டும் ஒரே அளவுதான் வளையும். எடையும் ஒன்றே. விறைப்பைத் தருவது விட்டம். 38 மி.மீ. விட்டமும் 1.6 கனமும் உள்ள குழாய் மீட்டருக்குச் சுமார் 1.44 கிலோ. 50 மி.மீ. விட்டமும் 1.2 கனமும் உள்ளதும் அதே எடைதான். ஆனால் வளைவுக்கு எதிரான விறைப்பு ஏறத்தாழ 1.8 மடங்கு. நண்பரின் முன்தண்டை மட்டும் அறுத்துவிட்டு 50 மி.மீ. மைல்ட் ஸ்டீல் வைத்தோம். உரசல் நின்றது.

சாதாரண சைக்கிளில் இந்தத் தொல்லை பெரிதாகத் தெரியாது. அங்கே முக்கோணச் சட்டம் பாரத்தைப் பகிர்ந்துகொள்ளும். ரிகம்பெண்டில் பெரும்பாலும் ஒற்றைத் தண்டு, அதன் நுனியில் பெடல். போதாததற்கு முதுகை இருக்கையில் முட்டுக்கொடுத்து மிதிக்கிறோம். அதனால் உடல் எடையைவிட அதிகமான விசையைக்கூடக் காலால் கொடுக்க முடியும். செயின் தண்டின் நடுக்கோட்டில் இல்லாமல் ஒரு பக்கமாக இருந்து இழுப்பதால் தண்டு அந்தப் பக்கம் சாய்கிறது.

"உடைந்தால் யார் பொறுப்பு?" என்று கேட்பவர்களுக்காக ஒரு கணக்கு. 75 கிலோ ஆள், சக்கரங்களுக்கு இடையே 110 செ.மீ., எடை முழுவதும் நடுவில் என்று வைத்துக்கொண்டால் வளைதிருப்பம், அதாவது தண்டை வளைக்கப் பார்க்கும் திருப்பம், சுமார் 200 நியூட்டன் மீட்டர். 50 மி.மீ. 1.5 கனக் குழாயில் அது 75 மெகாபாஸ்கல் தகைவு. பள்ளத்தில் இறங்கினால் மூன்று மடங்காகும் என்று எடுத்தாலும் 225. மைல்ட் ஸ்டீலின் 250 என்ற எல்லைக்குள்தான் இருக்கிறது, ஆனால் தாராளமாக இல்லை. நீங்கள் 90 கிலோ என்றாலோ வண்டி நீளம் என்றாலோ 2 மி.மீ. கனத்துக்குப் போங்கள். இது தோராயக் கணக்கு என்று எனக்கும் தெரியும். பொறியாளர்கள் சண்டைக்கு வர வேண்டாம். பற்றுகள் நாள்பட்ட அதிர்வில் விரிசல் விடுவதும் உண்டு. ஆனால் பற்றவைத்த இடத்தில் அந்தச் சோர்வைத் தாங்கும் திறன் விலை உயர்ந்த உலோகத்தால் பெரிதாகக் கூடிவிடாது. 0.9 கனத்தில் இறங்கி எடையைக் குறைக்க விரும்புபவர்களுக்குக் குரோமோலி சரியான தேர்வு. அதற்கு டிக் வெல்டிங்கோ பித்தளைப் பற்றோ செய்யத் தெரிந்த கை வேண்டும். சாதாரண ஆர்க் வெல்டிங்கில் மெல்லிய குழாய் ஓட்டை விழுந்துவிடும். கம்பி தானே ஊட்டப்படும் மிக் வெல்டிங் இருந்தால் 1.5 கனம் நிம்மதி.

கடைக்குக் கனம் அளக்கும் வெர்னியர் இல்லாமல் போகாதீர்கள். 16 கேஜ் என்றால் 1.6 மி.மீ. இருக்க வேண்டும். எனக்கு அந்தப் பெயரில் கொடுத்த குழாயை அளந்தால் 1.3 தான் இருந்தது. கேட்டதற்கு "எல்லோரும் இதைத்தான் வாங்குகிறார்கள்" என்றார் கடைக்காரர். கதவு, கிராதி செய்பவருக்கு அது பரவாயில்லை. அதன் மேல் உட்கார்ந்து போகிறவனுக்கு? கனம் குறைவு என்று தெரிந்தே விற்பது அநியாயம். இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

கால் நீளத்துக்கு ஏற்ப முன்தண்டை நீட்டிக் குறைக்கப் போகிறீர்கள் என்றால் உள்குழாய், வெளிக்குழாய் இரண்டையும் கடையிலேயே ஒன்றுக்குள் ஒன்று நுழைத்துப் பாருங்கள். தகட்டைச் சுருட்டிப் பற்றவைத்துச் செய்யும் ஈஆர்டபிள்யூ குழாயின் உள்ளே நீளவாக்கில் ஒரு பற்று மேடு ஓடும். அது தடுக்கும். அரத்தால் தேய்த்தெடுக்கலாம், இல்லையென்றால் பற்றே இல்லாத சீம்லெஸ் வாங்கலாம். தண்ணீர்க் குழாய் பக்கம் போகவே வேண்டாம். ஒன்றேகால் அங்குல, துத்தநாகம் பூசிய ஜிஐ பைப் 3.2 கனத்தில் மீட்டருக்கு 3 கிலோவுக்கு மேல். பற்றவைக்கும்போது துத்தநாகப் புகை வேறு, காய்ச்சலில் தள்ளிவிடும். சதுரக் குழாய் அறுக்கவும் பொருத்தவும் சுலபம். தாராளமாக எடுக்கலாம். ஆனால் அதே எடையில் முறுக்கைத் தாங்குவதில் வட்டம்தான் மேல். பெடல் அச்சு சுழலும் பாட்டம் பிராக்கெட் கூட்டையும், முன் ஃபோர்க் நுழையும் ஹெட் ட்யூபையும் பழைய சைக்கிளிலிருந்து அறுத்தெடுங்கள். கூட்டின் உள்ளே இருக்கும் மரையை வீட்டில் வெட்ட முடியாது.

இன்னொரு ஆதங்கம், கேள்விக்குச் சம்பந்தமில்லாதது. இந்த வண்டியை ஓட்டிப் போனால் "காலில் ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்கிறார்கள். 1933-ல் பிரான்சிஸ் ஃபோர், சார்லஸ் மோஷே செய்த சாய்வு சைக்கிளில் ஒரு மணி நேரத்தில் 45 கி.மீ. தாண்டி, 1914 முதல் நின்ற சாதனையை முறித்தார். அடுத்த ஆண்டே உலக சைக்கிள் சங்கம் இவ்வகை வண்டிகளைப் பந்தயத்திலிருந்து விலக்கிவிட்டது. ஜெயித்ததற்குத் தண்டனை! அன்று விலக்காமல் இருந்திருந்தால் இன்று நீங்களும் நானும் குழாய் தேடி அலைய வேண்டியிருக்காது, கடையிலேயே வாங்கியிருப்போம்.

விட்டுப்போன ஒன்று: இருக்கைக்கும் பிரேக் கம்பிக்கும் பிடிப்புகள் வைக்கும்போது நடுத்தண்டின் அடிப்பக்கத்தில் துளை போடாதீர்கள், குறுக்கே பற்றும் வைக்காதீர்கள். இழுவிசை முழுக்க அங்கேதான். பக்கவாட்டில், தண்டின் பாதி உயரத்தில் வையுங்கள்.