அப்பா ராத்திரியில் வலை தேடுகிறார்: இது பரம்பரையா?

கடலூர் தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு வாசகி: “அப்பாவுக்கு 66 வயது. நாற்பது வருடம் கடலுக்குப் போனவர். எட்டு மாதம் முன்பு ஸ்ட்ரோக் வந்தது. கை கால் தேறிவிட்டது, மறதிதான் கூடிக்கொண்டே போகிறது. பகலெல்லாம் தூக்கம். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து வலையைத் தேடுகிறார். தாத்தாவும் கடைசியில் இப்படித்தான் இருந்தார். ஜீன் டெஸ்ட் எடுக்கலாமா? எனக்கும் வருமா?”

பதில்: ஜீனுக்குப் பங்கு உண்டு. ஏபிஓஈ என்ற மரபணுவின் நான்காம் வகை இருப்பவர்களுக்கு மறதி நோய் வர வாய்ப்பு அதிகம். ஆனால் அது இருந்தும் கடைசிவரை தெளிவாக இருப்பவர்கள் நிறைய. இல்லாமலே மறதி வந்தவர்களும் உண்டு. டெஸ்டில் எது வந்தாலும் அப்பாவின் வைத்தியம் மாறப்போவதில்லை, அதனால் இப்போதைக்கு வேண்டாம் என்பேன். ஐம்பது வயதுக்குள் ஸ்ட்ரோக், கடுமையான ஒற்றைத் தலைவலி என்று குடும்பத்தில் பலருக்கு இருந்தால் கதை வேறு. அது ‘கேடசில்’ என்ற பரம்பரை நோயாக இருக்கலாம். அதற்கு நாட்ச்-3 மரபணுவைப் பார்ப்போம்.

எனக்கு அந்த இரண்டு மணிதான் முக்கியமாகப் படுகிறது. கண் நரம்புகள் குறுக்கே கடக்கும் இடத்துக்கு மேலே, மூளையில் சுமார் 20,000 செல்கள் கொண்ட ஒரு சின்ன முடிச்சு இருக்கிறது. உடம்பின் கடிகாரம் அதுதான். அந்தக் கடிகாரம் ஓடுவதும் மரபணுக்களால்தான். அதைக் கண்டுபிடித்த மூவருக்கு 2017இல் நோபல் பரிசு கிடைத்தது. தினமும் அதற்குச் சாவி கொடுப்பது கண்ணில் விழும் பகல் வெளிச்சம். ஸ்ட்ரோக்குக்குப் பிறகு ஜன்னலைச் சாத்திய அறையில் பகலெல்லாம் படுத்திருந்தால் கடிகாரத்துக்குப் பகலும் தெரியாது, ராத்திரியும் தெரியாது. தூக்கம் துண்டு துண்டானால் நினைவும் தங்காது.

இன்னொன்று. நாற்பது வருடம் விடியுமுன் தொழிலுக்குப் போன உடம்பு அது. நான்கு மணிக்கு எழுந்தால் அது நோயல்ல, அவரோடு சண்டை போடாதீர்கள். எட்டு மணிக்கே படுக்கட்டும். வலை எங்கே என்று கேட்டால் “இன்னைக்குக் கடல் சரியில்லப்பா” என்று சொல்லிப் பாருங்கள். வெளிச்சம் வந்ததும் கடற்கரைக்குக் கைபிடித்து அழைத்துப் போய் அரை மணி நேரம் உட்கார வையுங்கள். மதியத் தூக்கம் அரை மணிக்கு மேல் வேண்டாம். மாலையில் டீ வேண்டாம்.

குறட்டை விடுகிறாரா? நடுவில் மூச்சு நின்று, திணறி எழுகிறாரா? ஸ்ட்ரோக் வந்தவர்களில் பாதிப்பேருக்கு மேல் இந்தத் தூக்க மூச்சுத்தடை இருக்கிறது. மறதிக்கும் பிபிக்கும் அதுவே காரணமாகலாம், அதற்கு வைத்தியமும் உண்டு. ராத்திரியில் பிபி சாதாரணமாக 10 முதல் 20 சதவீதம் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் மூளையின் சிறு ரத்தக்குழாய்கள் மெல்லக் கெடும். இதைப் பார்க்க 24 மணி நேர பிபி கருவி இருக்கிறது.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய தூக்க மாத்திரை ஏதாவது ஓடுகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. அவற்றில் பல மறதியைக் கூட்டும், விழவும் வைக்கும். ஓடினால் சட்டென்று நிறுத்தாதீர்கள். டாக்டர் சொல்லிக் குறைக்க வேண்டும்.

மறதி கூடிக்கொண்டே போவதால் பி12, தைராய்டு, சோடியம், மனச்சோர்வு எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்; தெரியாமல் இன்னொரு சின்ன ஸ்ட்ரோக் வந்ததா என்றும். ஒரே நாளில் திடீரென்று குழப்பம் வந்தாலோ, வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். மூளை ரத்தக்குழாயை அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு.

உங்களுக்கு வருமா என்றால், தாத்தாவின் ஜீனைவிட உங்கள் பிபியும் சர்க்கரையும்தான் எனக்குத் தெரிய வேண்டும். இரண்டையும் இந்த வாரமே பாருங்கள். அப்பா எப்போது தூங்கினார், எப்போது எழுந்தார் என்று பத்து நாள் காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்து வையுங்கள். புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரியின் நரம்பியல் பிரிவுக்குப் போகும்போது ஸ்கேனோடு அந்தத் தாள்களையும் எடுத்துக்கொண்டு போங்கள்.