மேடில்லா ஊரிலிருந்து உலக முடிவுக்கு

வணக்கம் ஐயா,

நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. வயது 66. தென்மராட்சியில் இருக்கிறேன். என்னோடு படிப்பித்த நாலு பேர் சேர்ந்து வரும் மாசியில் ஹோர்ட்டன் சமவெளிக்குப் போய் உலக முடிவு என்கிற மலை விளிம்பு வரை நடப்பதென்று தீர்மானித்திருக்கிறோம். அது சரிவந்தால் ஆடியில் உகந்தையிலிருந்து கதிர்காமத்துக்குக் காட்டுப்பாதையால் போகிற பாதயாத்திரையிலும் சேர ஆசை. ரொறன்ரோவில் இருக்கிற மகன், "இந்த வயதில் உங்களுக்கு ஏனம்மா இந்த வேலை" என்கிறார். அவரோ சனி ஞாயிறில் அங்குள்ள காடுகளுக்குள் நடந்து படம் படமாக அனுப்புகிறவர். எனக்குப் பிரஷர் இருக்கிறது, குளிசை எடுக்கிறேன். சீனி இல்லை. முழங்கால் இடைக்கிடை நோகும். தினமும் காலையில் றோட்டால் ஐந்து கிலோமீற்றர் நடக்கிறேன். அது போதுமா? மலையும் காடும் இல்லாத யாழ்ப்பாணத்தில் வேறு எப்படிப் பழகுவது?

*

அன்புள்ள ரீச்சர்,

காவோலை விழக் குருத்தோலை சிரித்த கதையை நீங்களே வகுப்பில் எத்தனை தரம் விளங்கப்படுத்தியிருப்பீர்கள். மகனுக்கு இன்னொரு தரம் சொல்லுங்கள். ஆனாலும் அவருடைய பயத்தில் பாதி நியாயம் இருக்கிறது. அதனால் என் பதிலும் பாதிப் பாதிதான்: ஹோர்ட்டன் சமவெளிக்குப் போங்கள். உகந்தையை இந்த வருடம் விடுங்கள்.

றோட்டில் ஐந்து கிலோமீற்றர் நடப்பது நெஞ்சுக்கு நல்லது, அதை விட்டுவிடாதீர்கள். காட்டுப்பாதைக்கு அது போதாது. தார் றோட்டில் ஒவ்வோர் அடியும் முந்தின அடி மாதிரியே விழும். கணுக்காலுக்கு வேலையே இல்லை. ஹோர்ட்டன் சமவெளியின் சுற்றுப்பாதை ஏறத்தாழ ஒன்பதரைக் கிலோமீற்றர். தூரம் உங்களுக்குப் பெரிதல்ல. மழைத்தண்ணீர் அரித்த பள்ளம், உருளும் கல், குறுக்கே ஓடும் வேர் எல்லாம் அந்தத் தூரத்துக்குள் இருக்கின்றன.

என் கதையைச் சொல்கிறேன். நான் அங்கே போனபோது எனக்கு 63. ஏற்றத்தில் மூச்சு வாங்கியது. நின்று நின்று ஏறினேன், ஒன்றும் ஆகவில்லை. உலக முடிவும் பார்த்தாயிற்று, இனி என்ன என்ற நினைப்போடு பேக்கர் அருவிப் பக்கம் இறங்கும்போதுதான் தொடை நடுங்கத் தொடங்கியது. ஏறும்போது மூச்சு வந்து நில் என்று மறிக்கும். இறங்கும்போது மறிக்க ஆளில்லை. தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தைப் பிடித்து நிறுத்த வேண்டும். சமதரையில் வளர்ந்த நமக்கு அந்தப் பழக்கமே கிடையாது. ஈரக் கல்லில் வழுக்கிக் கையை ஊன்றினேன். மணிக்கட்டுக்கு ஆறு கிழமை மாக்கட்டு. போதாததற்குப் புதுச் சப்பாத்து, வெட்டாத நகம்: இரண்டு பெருவிரல் நகமும் கறுத்து, ஒன்று கழன்றே போனது. நீங்கள் நகத்தை வெட்டிக்கொண்டு, பழகின சப்பாத்தோடு போங்கள்.

ஆகவே பழக வேண்டியது இறக்கத்தை. அதற்கு மலை வேண்டாம், உங்கள் வீட்டு வாசற்படி போதும். கைப்பிடியையோ சுவரையோ பிடித்தபடி படியில் நின்று, ஒரு காலை மூன்று எண்ணும் வரை மெதுவாகக் கீழே இறக்குங்கள். பத்துத் தரம், பிறகு மற்றக் கால். முழங்கால் குத்தினால் இன்னும் தாழ்ந்த படியைப் பாருங்கள். அதிலும் குத்தினால் வைத்தியரிடம் காட்டாமல் தொடர வேண்டாம். பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் நிற்கலாம், ஒரு கை சுவருக்குக் கிட்ட இருக்கட்டும். பேரப்பிள்ளைகள் பார்த்தால் சிரிப்பார்கள்.

காட்டுக்கு வருவோம். கிழமையில் ஒரு நாள் மணற்காட்டுக்குப் போங்கள். கொடிகாமத்தால் போனால் உங்களுக்கு அதிக தூரமில்லை. மணல்மேட்டில் ஏறி இறங்கும்போது கால் புதையும், சரியும், கணுக்கால் விழித்துக்கொள்ளும். சவுக்கு மரங்களுக்குள் நடந்தால் உதிர்ந்த இலை மெத்தை மாதிரிக் கிடக்கும், அதிலும் வழுக்கும். மணலில் புதைந்த பழைய தேவாலயத்தையும் பார்த்துவிட்டு வரலாம். மற்ற நாட்களில் பக்கத்துப் பனங்கூடல் போதும். கருக்கு மட்டையும் காவோலையும் மிதிபடுகிற இடம், செருப்போடு போகாதீர்கள். புடையனும் சுருட்டையும் ஓலைக்குக் கீழே கிடக்கும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பொல்லால் தட்டிக்கொண்டு, விடிந்த பிறகு நடவுங்கள். கடித்துவிட்டால் கட்டுப்போடுவது, வெட்டுவது ஒன்றும் வேண்டாம், அம்புலன்ஸ் இலக்கம் 1990க்கு அழைத்து நேரே ஆஸ்பத்திரிதான்.

இன்னொன்று. முகமாலைப் பக்கம், அல்லது ஆள் நடமாட்டமில்லாத எந்தப் பற்றைக்குள்ளும், "குறுக்கால போவோம்" என்று இறங்காதீர்கள். கண்ணிவெடி அகற்றும் வேலை எத்தனையோ வருடமாக நடந்த மண் அது. மண்டையோட்டுப் பலகை இல்லை என்பதால் ஆபத்தும் இல்லை என்று ஆகாது.

தண்ணீர் விசயம் கொஞ்சம் வெட்கமான விசயம், ஆனால் சொல்லத்தான் வேண்டும். வழியில் மலசலகூடம் இராது என்று நம் பெண்கள் காலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துவிடுவார்கள். வயது போகப் போகத் தாகமும் சரியாகத் தெரியாது. பிரஷர் குளிசைகளில் சில சிறுநீரைக் கூட்டுகிறவை. இந்த மூன்றும் சேர்ந்தால், எழும்பி நிற்கும்போது தலை சுற்றும், அதுவும் ஒரு கல்லின் மேல் நிற்கும்போது. உங்களுடையது எந்த வகைக் குளிசை, நடக்கிற நாளில் எப்போது எடுக்கலாம் என்று அடுத்த கிளினிக்கில் கேளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். போத்தலை மணிக்கூடு பார்த்துக் குடியுங்கள். நாலு பேர் போகிறீர்கள்தானே, ஒருத்தி பற்றைக்குப் பின்னால் போனால் மற்றவர்கள் குடையை விரித்துக் காவல் நிற்கலாம்.

ஊன்றுகோல் ஒன்றல்ல, இரண்டு கொண்டுபோங்கள். இறக்கத்தில் முழங்காலின் பாரத்தில் ஒரு பங்கைக் கை வாங்கிக்கொள்ளும். கடையில் விற்கிற நீட்டிச் சுருக்குகிற தடிகள் வசதி. வீட்டுப் பூவரசம் தடியும் குறைந்ததல்ல, நுனியில் ரப்பர் மாட்டினால் சரி.

கடல்மட்டத்திலிருந்து ஒரே மூச்சில் 2,100 மீற்றருக்குப் போகாமல் முதல் நாள் இரவு நுவரெலியாவில் தங்குங்கள். மாசிக் குளிரில் விடியற்காலை உறைபனிகூட விழும். ஆனாலும் விடியத்தான் போக வேண்டும், ஒன்பது பத்து மணிக்குப் பிறகு மூடுபனி ஏறினால் உலக முடிவில் வெள்ளைத் திரையைத்தான் பார்ப்பீர்கள்.

உகந்தையை ஏன் விடச் சொன்னேன்? ஹோர்ட்டன் சமவெளியில் முடியாவிட்டால் சின்ன உலக முடிவோடு திரும்பிவிடலாம். யாரும் குறை சொல்லமாட்டார்கள். உகந்தையில் காட்டுக்குள் இறங்கிவிட்டால் நாலைந்து நாள், ஆடி வெயில், யானை நடமாடுகிற நிலம், கூட்டத்தோடு கதிர்காமத்து மாணிக்க கங்கை வரை போயே ஆக வேண்டும். பாதி வழியில் முழங்கால் மறுத்தால் முன்னால் போவதும் பின்னால் போவதும் ஒரே தூரம். உங்களை விட வயதானவர்கள் அரோகரா சொல்லிக்கொண்டு வெறுங்காலோடு போவதை நானும் கண்டிருக்கிறேன். அவர்களில் பலர் வருடா வருடம் போகிறவர்கள், இங்கே செல்வச்சந்நிதிக் கோயிலிலிருந்தே கிழமைக்கணக்காக நடந்து கால் இறுகினவர்கள். நீங்கள் பஸ்ஸால் போய் உகந்தையில் இறங்கப் பார்க்கிறீர்கள். மாசி நடை எப்படிப் போனது என்று எழுதுங்கள், அடுத்த வருட ஆடியைப் பற்றி அப்புறம் கதைப்போம்.

மகனுக்கு உலக முடிவிலிருந்து ஒரு படம் கட்டாயம் அனுப்புங்கள். விளிம்புக்குக் கிட்டப் போகாமல் எடுங்கள், கீழே கிட்டத்தட்ட 870 மீற்றர்.