கூச்ச சுபாவமுள்ள பிள்ளைக்கு நடன வகுப்பு

வணக்கம் சகோதரி. வெள்ளவத்தையிலுள்ள உங்கள் 7 வயது மகள் பாடசாலையில் வாய் திறப்பதில்லை என்றும், பரதநாட்டியத்தில் சேர்த்தால் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்கான படிப்புக் குழம்பிவிடும் எனக் கணவர் அஞ்சுகிறார் என்றும் எழுதியிருந்தீர்கள். தயங்காமல் சேர்த்துவிடுங்கள். முழங்கால்களைப் பக்கவாட்டில் மடித்து அரைமண்டியில் அமர்ந்து, பாதத்தால் தரையைத் தட்டும் தட்டடவை மூன்று காலங்களிலும் (வேகங்களிலும்) ஆடும் பிள்ளை, ஆசிரியை தாளம் தட்டும் தட்டுக்கழியின் ஓசையைக் காதில் வாங்கி, ‘தெய்யா தெய்’ போன்ற தாளச் சொற்களான சொற்கட்டை மனத்தில் எண்ணிப் பாதம் பதிக்க வேண்டியிருப்பதால், கவனமும் நினைவாற்றலும் உடற்சமநிலையும் ஒருசேரப் பழகுகின்றன. முதல் மாதம் முழுவதும் பின்வரிசையில் ஒதுங்கி நின்ற என் மகள், முகபாவத்தாலும் கைகளாலும் கதை சொல்லும் அபிநயத்தில் கண்ணனாக வெண்ணெய் திருடிய அன்றுதான் வகுப்பில் வாய்விட்டுச் சிரித்தாள். சாதாரண தரப் பரீட்சையில் நடனமும் ஓர் அழகியல் பாடம் என்பதைக் கணவரிடம் சொல்லுங்கள். சீமெந்துத் தரையில் நெடுநேரம் தட்டவிடாத ஆசிரியையாகப் பாருங்கள்; முழங்கால் நோகும்.