பானைக்கு 'எக்ஸ்யூம்' வருமா?

வணக்கம் நண்பரே. தோட்டத்தில் பழைய பானையைத் தோண்டி எடுத்ததற்கு 'எக்ஸ்யூம்' (exhume) என்ற ஆங்கிலச் சொல்லை எழுதியதை ஆசிரியர் அடித்துவிட்டார் என்றீர்கள். அவர் செய்தது சரிதான். லத்தீனில் 'எக்ஸ்' என்றால் வெளியே, 'ஹ்யூமஸ்' என்றால் மண். வேரை மட்டும் பார்த்தால் எதற்கும் பொருந்தும் போலத்தான் இருக்கும். ஆனால் ஆங்கில வழக்கில் அது பெரும்பாலும் புதைத்த உடலைத் திரும்ப எடுப்பதற்கே வரும்.

2012இல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில், ஒரு கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் மன்னர் மூன்றாம் ரிச்சர்டின் எலும்புகள் கிடைத்தன. இடத்தை அகழ்ந்தது 'எக்ஸ்கவேட்'. எலும்புகளை எடுத்தது 'எக்ஸ்யூம்'. அதற்குத் தனியாக அரசு உரிமமும் தேவைப்பட்டது. அப்புறம், மறந்துபோன சண்டையை மறுபடி கிளப்புவதற்கும் உருவகமாக 'எக்ஸ்யூம்' என்று சொல்வார்கள், அழகான பயன்பாடு. உங்கள் பானைக்கு, மண்ணிலிருந்து வெளியே எடுப்பதைக் குறிக்கும் 'அன்எர்த்' (unearth) போடுங்கள்.