மின்தூக்கிக் கணக்கில் 400 வருகிறதா?

தம்பி, 50 கிலோ ஆள் எடைக்கருவி மேல் நிற்கிறார், மின்தூக்கி கீழே இறங்கிக்கொண்டே 2 மீ/வி² வீதம் வேகம் குறைகிறது, கருவி எவ்வளவு விசை காட்டும் என்பது கேள்வி, உங்களுக்கு 400 நியூட்டன், விடைத்தாளில் 600. விடைத்தாள் சரிதான். கீழே போகிறதே என்று முடுக்கத்தையும் கீழ்நோக்கியே போட்டுவிட்டீர்கள், பாதிப் பேர் விழும் குழி இது.

இறங்கும்போது வேகம் குறைகிறதென்றால் முடுக்கம் மேல்நோக்கித்தான். படம் வரையுங்கள்: எடை 50 × 10 (புவியீர்ப்பு முடுக்கம் g) = 500 கீழே, எடைக்கருவி ஆளுக்குத் தரும் விசை R மேலே (கருவி காட்டுவது இதைத்தான்), அவ்வளவுதான், "இயக்க விசை" என்று மூன்றாவதாக ஒரு அம்புக்குறி வேண்டாம். R − 500 = 50 × 2, ஆக R = 600. (g-க்கு 9.81 போட்டால் 590.5 வரும், வினாத்தாளில் என்ன கொடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.)

நம்பிக்கை வரவில்லையா, குளியலறை எடைக்கருவியைத் தூக்கிக்கொண்டு உங்கள் வீவக (சிங்கப்பூர் அரசு அடுக்குமாடி வீடு) புளோக் மின்தூக்கியில் 12வது மாடியிலிருந்து இறங்குங்கள், முள் வைத்ததாக இருந்தால் நல்லது. கிளம்பும்போது முள் சற்றுக் குறையும், நடுவில் சீரான வேகத்தில் உங்கள் வழக்கமான எடையே காட்டும், கீழ்த்தளத்தில் நிற்கப்போகும் அந்த ஒரு விநாடியில் ஏறும். நிஜத்தில் முடுக்கம் 2 அளவுக்கு இருக்காது, அதனால் கணக்கில் வருவதுபோல் 50 கிலோ ஆளுக்கு 60 கிலோ (600 ÷ 10) காட்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். நான் என் மகனோடு செய்தபோது உள்ளே வந்த பக்கத்து வீட்டு ஆண்ட்டி, "டயட்டா?" என்றார்.